கொல்லைக் கழிப்பறையின் குழாய் எங்கே போகிறது?

2024ஆம் ஆண்டு சூன் 11ஆம் நாள் காலை, புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் மூன்று பெண்கள் நச்சு வாயுவைச் சுவாசித்து உயிரிழந்தனர். பாதாளச் சாக்கடையில் திரண்டிருந்த வாயு கழிப்பறை வழியே வீட்டுக்குள் ஏறியது. கழிப்பறைக்குள் சென்ற முதியவர் முதலில் விழுந்தார். அவரைத் தூக்கச் சென்ற மகளும் விழுந்தார். அருகிலிருந்த வேறொரு வீட்டில் பள்ளி மாணவி ஒருவர் பலியானார். மேலும் சிலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

முதலில் ஒருவர் விழுவது, காப்பாற்றப் போனவர் அடுத்து விழுவது என்ற இந்த வரிசை துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் புதிதன்று. ஆள்நுழை குழியிலும் செப்டிக் டேங்கிலும் நேரும் சாவுகள் பெரும்பாலும் இப்படித்தான் இரண்டாகவும் மூன்றாகவும் பெருகுகின்றன. தலைமுறைகளாகக் குழிக்குள் இறங்குவோரை மட்டும் கொன்றுவந்த வாயு, அன்று குழாயின் மறுமுனை வழியே வீட்டுக்குள் வந்தது. நகரம் அதிர்ந்தது. அதிர்ந்ததில் தவறில்லை. ஆனால் அந்த அதிர்ச்சி, குழாய் ஒன்றுதான், அதற்கு இரண்டு முனைகள் உண்டு என்ற உண்மைவரை சென்றதா என்பதுதான் கேள்வி.

கழிப்பறை பற்றிய அரசு விளம்பரங்கள் யாவும் அறையைக் காட்டுகின்றன. நான்கு சுவர், ஒரு கதவு, ஒரு பீங்கான். அறைக்குள் வரும் தண்ணீரையும் அறையை விட்டுப் போகும் கழிவையும் அவை காட்டுவதில்லை. சாதி குடியிருப்பதோ அந்தக் காட்டப்படாத பகுதியில். ஆகவே வீட்டிலிருந்து தனியே நிற்கும் கொல்லைக் கழிப்பறைக்குத் தண்ணீர் எப்படி வர வேண்டும், கழிவு எப்படிப் போக வேண்டும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்பது நமக்குத் தேவையாகிறது. இதைப் பிளம்பர் வேலை என்று ஒதுக்கிவிட முடியாது.

கொல்லையும் பின்சந்தும்

பழைய புதுச்சேரி நகரத்தின் கட்டம் கட்டமான தெருக்களுக்கு அடிகோலியவர்கள் ஒல்லாந்தர்கள். 1693 முதல் 1699 வரை நகரம் அவர்கள் கையில் இருந்தபோது வரைந்த திட்டத்தையே பின்னர் பிரெஞ்சுக்காரர்கள் விரிவாக்கினர். கடலோரத்தில் வெள்ளையர் நகரம், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே கறுப்பர் நகரம். இரண்டுக்கும் நடுவே எல்லைக் கோடாக நின்றதும் ஒரு சாக்கடை வாய்க்கால்தான். (கக்கூஸ் என்ற சொல்லும் ஒல்லாந்தச் சொல்லிலிருந்தே தமிழுக்கு வந்தது. தமிழகத் துப்புரவுத் தொழிலாளர் நிலையைப் படமாக்கிய திவ்யபாரதி 2017இல் தம் ஆவணப்படத்துக்கு அதையே பெயராக வைத்தார்.)

தமிழர் பகுதியின் பழைய வீடுகள் குறுகிய முகப்பும் நீண்ட உடலும் கொண்டவை. திண்ணை, முற்றம், தாழ்வாரம், அடுக்களை கடந்து கடைசியில் கொல்லை. கிணறும் துவைக்கும் கல்லும் கொல்லையில் இருக்கும்; அதன் கடைக்கோடி மூலையில், வீட்டோடு ஒட்டாமல், கழிப்பறை. தமிழ்நாட்டின் பழைய நகரங்கள் பலவற்றிலும் இதே அமைப்புதான். தீட்டு என்ற கருத்து கட்டடக் கலையாக உருவெடுத்ததன் விளைவு இது. மலம் வீட்டுக்குள் இருக்கலாகாது. அதை அள்ளுபவர் வீட்டுக்குள் வரலாகாது. எனவே எடுப்புக் கழிப்பறையின் பின்சுவரில் ஒரு திறப்பு, அதை ஒட்டி ஒரு பின்சந்து. அள்ள வருபவர் அச்சந்து வழியே வந்து அச்சந்து வழியே போவார். வீட்டாரின் கண்ணில் அவர் படவேண்டியதில்லை. பின்சந்தை நகரத் திட்டம் என்பார்கள். தெருவுக்கு வர உரிமையற்ற ஒரு மனிதருக்காக விடப்பட்ட வழி என்பதே அதன் பொருள்.

தூய்மை பற்றிய ஆட்சியாளரின் அக்கறை எப்போதும் மலம் கழிப்பவர் மீதே பாய்ந்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் புதுச்சேரியில் தெருவிலும் கடற்கரையிலும் உப்பாற்றங்கரையிலும் மலம் கழிப்போருக்கு ஆறு பணம் தண்டம் என்று தண்டோரா போடப்பட்டதையும், அதில் இரண்டு பணம் பிடித்துக் கொடுப்பவருக்கு என்பதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். வீட்டில் கழிப்பறையும் அதை அள்ள ஆளும் இல்லாதவர் எங்கே போவது என்பது அந்தத் தண்டோராவில் இல்லை.

தண்ணீருக்கும் இந்நகரில் ஒரு கதையுண்டு. பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் நகருக்கு முத்திரையர்பாளையத்திலிருந்து குடிநீர் வந்ததன் நினைவுச் சின்னம். ஆயி ஒரு தாசி என்றும், அவர் வீட்டைக் கோயிலென்று எண்ணிக் கும்பிட்டுவிட்ட விசயநகர மன்னர் உண்மை அறிந்து வெகுண்டு அதை இடிக்கச் சொன்னார் என்றும், ஆயி தாமே அதை இடித்து அவ்விடத்தில் குளம் வெட்டினார் என்றும் மரபுக்கதை சொல்கிறது. தீண்டத்தகாதவள் வாழ்ந்த வீடு கும்பிடத் தகாதது. அவள் வெட்டிய குளத்து நீர் மட்டும் குடிக்கத் தகுந்தது. அந்த மண்டபம் இன்று புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருக்கிறது.

நாற்பது லிட்டரில் சாக்கடை ஓடாது

எடுப்புக் கழிப்பறையைப் பீங்கான் கழிப்பறையாக மாற்றினால் மனிதக் கை விலகிவிடும் என்பது பொது நம்பிக்கை. கை விலகுவதற்கு முதல் நிபந்தனை தண்ணீர். மலத்தைக் குழாயில் நகர்த்துவது தண்ணீர் மட்டுமே. பாதாளச் சாக்கடைக் குழாயில் நீர் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் கசடு படியாது என்று பொறியாளர்கள் கணக்கிடுகின்றனர். அந்த வேகத்துக்குப் போதிய நீரும் வேண்டும், போதிய சரிவும் வேண்டும்.

நகரக் குடிநீர் வழங்கலுக்கான மத்திய அரசின் பொறியியல் கையேட்டின் 1999ஆம் ஆண்டுப் பதிப்பு, நாளொன்றுக்கு ஒருவருக்கு இவ்வளவு என்று மூன்று அளவுகளைத் தருகிறது. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் 135 லிட்டர். குழாய் நீர் இருந்து சாக்கடை இல்லாத ஊர்களில் 70 லிட்டர். தெருக்குழாயை நம்பியிருப்போருக்கு 40 லிட்டர். ஐந்து பேர் கொண்ட குடும்பமென்றால் ஓரிடத்தில் 675 லிட்டர், மற்றோரிடத்தில் 200 லிட்டர். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க எல்லாம் போக மிஞ்சுவதைத்தான் கழிப்பறைக்கு ஊற்ற முடியும். ஒரே நகரில் தெருக்குழாயை நம்பிய குடியிருப்புக்குச் சாக்கடை இணைப்பை மட்டும் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் குழாய் கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? இணைப்பு அடைக்கும். அடைத்தால், “அந்தச் சனங்களுக்குக் கழிப்பறையைப் பயன்படுத்தத் தெரியாது” என்ற பேச்சு எழும். அடைப்பை எடுக்க ஒருவர் வரவழைக்கப்படுவார். அவர் பெரும்பாலும் அதே சனங்களில் ஒருவராகவே இருப்பார்.

தனித்து நிற்கும் கழிப்பறைக்கு வீட்டிலிருந்து தண்ணீர்க் குழாயை நீட்டுவது அரை நாள் வேலை. அரை அங்குலக் குழாய், ஒரு வால்வு, கழிப்பறைக்குள் ஒரு திருகு குழாய். மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறக்கினால் அழுத்தமும் கிடைக்கும். கவனிக்க வேண்டியது ஒன்றே: குடிநீர்க் குழாயும் கழிவுக் குழாயும் ஒரே பள்ளத்தில் படுக்கக் கூடாது. கடக்க நேர்ந்தால் குடிநீர்க் குழாய் மேலே இருக்க வேண்டும். இடைவிட்டு நீர் வரும் ஊர்களில், நீர் வராத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியே சுற்றியுள்ள அழுக்கை அது உறிஞ்சிக்கொள்ளும். இந்த அரை நாள் வேலை நடக்காத வீடுகளில் கொல்லைக்கு வாளி சுமப்பது பெண்கள். தண்ணீர் மிச்சம் பிடிக்க ஒரு செம்போடு நிறுத்திக்கொள்வதும் அவர்கள்தான்.

சரிவு கிடைக்காத இடத்தில் வாய்க்கால் கிடைக்கிறது

கழிவு போகும் வழி இதைவிடக் கடினம். கழிப்பறையிலிருந்து புறப்படும் நான்கு அங்குலக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று என்ற சரிவு வேண்டும் என்பது வழக்கு. அதாவது நாற்பது அடி போவதற்குள் ஓர் அடி இறங்க வேண்டும். பாதாளச் சாக்கடை பெரும்பாலும் முன்தெருவில் பதிக்கப்படுகிறது; கழிப்பறையோ கொல்லையின் கடைசியில். நூறு அடி நீள வீட்டில் குழாய் வீட்டின் அடியில் புகுந்து தெருவை அடைவதற்குள் இரண்டரை அடி இறங்கியாக வேண்டும். நடுக்கூடத்தைத் தோண்ட வேண்டும். குழாய் திரும்பும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு சேம்பர் கட்ட வேண்டும். புதுச்சேரியோ கடற்கரைச் சமவெளி. தெருச் சாக்கடையே சரிவு போதாமல் நீரேற்று நிலையங்களை நம்பி ஓடுகிறது.

அதே நேரத்தில் பின்சந்தில் ஒரு திறந்த வாய்க்கால் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கிறது. மலம் அள்ளுபவருக்காக விடப்பட்ட சந்து, இப்போது மலக்குழாயைத் திறந்துவிடும் சந்தாகிறது. நான்கு அடிக் குழாயில் வேலை முடிந்தது. பீங்கான் பளபளக்கிறது, வீட்டார் நவீனமாகிவிட்டனர். வாய்க்காலில் மண் சேர்ந்து அடைத்தால், மண்வெட்டியோடு இறங்கி மலமும் சேறுமாக அள்ளுபவர் ஒரு தூய்மைப் பணியாளர். கழிப்பறை மாறியது, தொழில் பத்தடி தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவே.

மாணவர்கள் இந்த இடத்தில் சட்டத்தை அதன் சொற்களிலேயே படிக்க வேண்டும். கையால் மலம் அள்ளுவோர் பணியமர்த்தத் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம் 2013, அவ்வாண்டு திசம்பர் 6 அன்று, அம்பேத்கர் நினைவு நாளில் நடைமுறைக்கு வந்தது. 1993ஆம் ஆண்டின் பழைய சட்டம் உலர் கழிப்பறையை மட்டுமே பார்த்தது. புதிய சட்டத்தின் 2(1)(உ) பிரிவு, அதாவது ஆங்கில வரிசையில் ஐந்தாம் உட்கூறு, ‘சுகாதாரமற்ற கழிப்பறை’ என்பதை விரிவாக வரையறுக்கிறது. மலம் முழுதும் மக்குவதற்கு முன், கழிப்பறையிலேயோ, அது கழித்து விடப்படும் திறந்த வடிகாலிலேயோ குழியிலேயோ மனிதர் கையால் அகற்ற வேண்டியிருந்தால் அது சுகாதாரமற்ற கழிப்பறை. பீங்கானும் ஓடும் தண்ணீரும் விலக்கு அளிப்பதில்லை. சட்டம் குழாயின் இந்த முனையைப் பார்க்கவில்லை, அந்த முனையைப் பார்க்கிறது. இவ்வகையில் பின்சந்து வாய்க்காலில் திறக்கும் ஒவ்வொரு கொல்லைக் கழிப்பறையும் இச்சட்டத்தின் வரம்புக்குள் வருவது.

வரம்புக்குள் வந்தால் என்ன? 4ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பு இவற்றைக் கணக்கெடுத்துப் பட்டியல் வெளியிட வேண்டும். 5ஆம் பிரிவின்படி வீட்டின் பொறுப்பாளர் தம் செலவில் இடிக்கவோ மாற்றவோ வேண்டும். தவறினால், குறைந்தது 21 நாள் அறிவிப்புக் கொடுத்து உள்ளாட்சியே அதைச் செய்து செலவை வசூலிக்கலாம். இப்பிரிவை மீறுவது ஓராண்டுவரை சிறைக்கும் 50,000 ரூபாய்வரை தண்டத்துக்கும் உரிய குற்றம். பட்டியல் சாதியினரை இவ்வேலையில் அமர்த்துவது, 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவின் கீழும் குற்றமாகும்.

இவ்வளவு விரிந்த வரையறை இருந்தும் அரசுகளின் அறிக்கைகளில் ‘கையால் மலம் அள்ளுவோர் இல்லை’ என்றே வருகிறது. எப்படி? அதே சட்டத்தில் ஒரு விளக்கம், உரிய கருவிகளோடும் பாதுகாப்பு உடையோடும் மலத்தை அகற்றுபவர் ‘கையால் மலம் அள்ளுபவர்’ ஆகமாட்டார் என்கிறது. கையுறை கொடுத்ததாகக் கணக்கு எழுதினால் மனிதர் பட்டியலிலிருந்து மறைந்துவிடுகிறார். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறப்போர் தனிக்கணக்கு. அது ‘அபாயகரமான தூய்மைப் பணி’. 2021 சூலையில் மாநிலங்களவையில், கையால் மலம் அள்ளியதால் எவரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று ஒன்றிய அரசு பதிலளித்தது இந்தப் பிரிவினையை வைத்துத்தான்.

இரண்டு அங்குல நீர்

மீண்டும் ரெட்டியார்பாளையத்துக்கு வருவோம். வீட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவே காவல் நிற்பது ஏறத்தாழ இரண்டு அங்குல நீர். பீங்கானுக்குக் கீழே வளைந்திருக்கும் குழாய்ப் பகுதியில் எப்போதும் தேங்கி நிற்கும் அந்த நீரே நீர்ப்பூட்டு. கொத்தனார்கள் வாட்டர் சீல் என்பர். கழிவு கீழே போகலாம், வாயு மேலே வரலாகாது என்பது அதன் வேலை. இப்பூட்டு மூன்று வழிகளில் உடைகிறது. வளைவே வைக்காமல் நேர்க்குழாய் பொருத்தியிருக்கலாம். நீண்ட நாள் பயன்படுத்தாததால் நீர் ஆவியாகியிருக்கலாம். அரிதாகவே பயன்படும் கொல்லைக் கழிப்பறைகளில் இது எளிதில் நேரும். அல்லது, காற்றுக்குழாய் இல்லாதபோது, குழாயில் விரைந்து இறங்கும் நீர் பூட்டிலுள்ள நீரையும் உறிஞ்சிக்கொண்டு போகலாம். பூட்டு நன்றாக இருந்தாலும், சாக்கடைக்குள் வாயுவின் அழுத்தம் அந்த இரண்டு அங்குல நீரின் எடையை மிஞ்சினால் போதும், வாயு கொப்பளித்து மேலேறும். சாக்கடை நிரம்பி நிற்கும்போதும் காற்று வெளியேற வழியற்றபோதும் அது நிகழக்கூடும். ஆகவே, வீட்டுக்காரர் வளைவு வைக்கவில்லை என்பதோடு விசாரணை முடிந்துவிட முடியாது. வளைவைச் சோதிக்காமல் இணைப்புக்கு ஒப்புதல் தந்தது யார், சாக்கடையில் அவ்வளவு வாயு திரளும்வரை கசடு தேங்கியது ஏன் என்பவை அடுத்த கேள்விகள்.

அந்த வாயு பெரும்பாலும் ஐதரசன் சல்பைடு. காற்று புகாத, மெல்ல நகரும் கழிவுநீரில் வாழும் நுண்ணுயிர்கள் சல்பேட்டைச் சிதைத்து இதை உண்டாக்குகின்றன. வெப்பமான ஊர்களில் அதிகம். கடல்நீர் கலந்த நிலத்தடி நீரில் சல்பேட்டு மிகுதி என்பதால் கடலோர நகரங்களுக்கு இது கூடுதல் இடர். சிறிதளவில் அழுகிய முட்டை நாற்றம் வரும். பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஐந்நூறு, ஆயிரம் என்று ஏறினால் சில மூச்சுகளில் மரணம். நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று மேற்பார்வையாளர் சொல்வது எவ்வளவு கொடியது என்பது இதிலிருந்து விளங்கும். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பதும் வாளியில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதும் சோதனை ஆகா. வாயுவை அளக்க ஒரு கைக்கருவி இருக்கிறது. அதை வாங்காததற்குத் தொழில்நுட்பம் காரணமல்ல.

உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27 தீர்ப்பில் சாக்கடைச் சாவுக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 2023 அக்டோபர் 20இல் பல்ராம் சிங் வழக்கில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்ந்தது நல்லதே. ஆனால் காற்றுக்குழாயும் சேம்பரும் உரிய சரிவும் சாவைத் தடுப்பவை. அவற்றுக்கு ஆகும் செலவு இதில் ஒரு சிறு துளி.

யாரிடம் கேட்பது?

புதுச்சேரியில் இக்கேள்வி எளிதன்று. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் பொதுப்பணித் துறையின் பொதுச் சுகாதாரக் கோட்டத்தின் கையில். குப்பையும் தெருத் தூய்மையும் நகராட்சியின் கையில்; ரெட்டியார்பாளையம் உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தது. அடைப்பை எடுக்கும் தொழிலாளி பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் ஆள். குழாய் ஒன்று, பொறுப்பு மூன்று. வார்டு உறுப்பினரிடம் கேட்கலாமென்றால், 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006இல் தான் இங்கு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அவர்கள் பதவிக்காலம் 2011இல் முடிந்த பின் அடுத்த தேர்தல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடப்பட்டது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் கணக்கெடுப்பு முதல் நடவடிக்கை வரை எல்லாவற்றையும் உள்ளாட்சியின் தலையில் வைக்கிறது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சியே இல்லாத ஊரில் அச்சட்டம் ஓர் ஆணையரின் மேசையில் கோப்பாகக் கிடக்கும்.

கல்லூரி மாணவர்கள் தங்கள் வட்டாரத்தில் ஒரு கணக்கெடுப்பைத் தாங்களே நடத்தலாம். ஒரு பின்சந்தைத் தேர்ந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து, வாய்க்காலில் திறக்கும் நான்கு அங்குலக் குழாய்களை எண்ண வேண்டும். குளியல், சமையல் நீர் வரும் குழாய் பெரும்பாலும் இதைவிடச் சிறியது. ஐயம் இருந்தால் வீட்டாரிடம் கேட்டுப் பிரித்துக்கொள்ளலாம். வீட்டு எண்ணுக்குப் பதில் தெருவும் எண்ணிக்கையும் போதும். எளிய குடும்பங்களைக் காட்டிக் கொடுப்பது நோக்கமன்று, அவர்களுக்கு இணைப்புச் செலவை அரசு ஏற்கவேண்டும் என்பதே கோரிக்கை. அடுத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நகராட்சியிடம் 4ஆம் பிரிவின்படி வெளியிட்ட பட்டியலையும், பொதுப்பணித் துறையிடம் அந்தத் தெருவில் எத்தனை இணைப்புகளுக்கு நீர்ப்பூட்டும் காற்றுக்குழாயும் சோதித்து ஒப்புதல் தரப்பட்டது என்ற பதிவேட்டையும் கேட்க வேண்டும். முப்பது நாளில் பதில் வரவேண்டும். பட்டியலில் சுழியம் என்று வந்து, உங்கள் கையில் ஐம்பது குழாய்களின் எண்ணிக்கை இருந்தால், மாவட்ட ஆட்சியரிடம் தரவேண்டிய மனு அதுவே. சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு அவருக்கும் உண்டு.

வாய்க்காலைத் தூர்வாரும் தொழிலாளர்களிடம் பேசும்போது, எந்தச் சந்தில் எந்த வீட்டுக் குழாய் திறக்கிறது என்பதை அவர்கள் எண்ணாமலே சொல்வார்கள்; அவர்கள் ஒப்புதலின்றிப் பெயரையோ படத்தையோ வெளியிடக் கூடாது, ஒப்பந்த வேலை மறுநாளே போய்விடும். படம் எடுப்பதற்காக எந்த ஆள்நுழை குழியின் மூடியையும் திறக்கவோ, திறந்திருக்கும் குழிக்குள் குனிந்து பார்க்கவோ வேண்டாம்.